மண் யாருக்குச் சொந்தம்? மலேயா விழித்த கதையும் நம் மலைக்கு வந்தவர்கள் கதையும்

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் வெல்லிங்டனைத் தாண்டினால் அருவங்காட்டில் வந்து நிற்கும். அருவங்காடு என்றதும் வெடிமருந்துத் தொழிற்சாலைதான் எல்லோருக்கும் நினைவு வரும். வெள்ளைக்காரர் காலத்தில், நூறு வருஷங்களுக்கு முன்பே ஏற்பட்ட தொழிற்சாலை அது.

தொழிற்சாலையை விட்டுக் கண்ணைத் திருப்பினால் மலைச் சரிவெல்லாம் தேயிலை. இந்த நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கண்டி, பதுளை, அட்டன், நுவரெலியா என்று ஊர்ப் பெயர்கள் நடுவே வரும். "எங்கள் அம்மா அங்கே பிறந்தவள்" என்பார் ஒருவர். "எங்கள் தாத்தா அங்கே ரோடு போட்டவர்" என்பார் இன்னொருவர். பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களைச் "சிலோன்காரர்" என்கிறார்கள். ஆனால் அவர்கள் தமிழர்கள். அவர்களுடைய பாட்டன், பூட்டன் எல்லாம் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள்.

போனவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள்? பிழைப்புக் கெட்டா? இல்லை. ஒரு சட்டம் வந்தது. "நீ இந்த நாட்டுக் குடிமகன் அல்ல" என்றது. அதனால் வந்தார்கள்.

அதே காலத்தில், அதே ஊர்களிலிருந்து, இன்னொரு கூட்டம் மலேயாவுக்குப் போனது. அவர்களில் பலர் திரும்பவில்லை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலேசியக் குடிமக்கள். அங்கே ஓட்டுப் போடுகிறார்கள். மந்திரிகளாகவும் இருந்திருக்கிறார்கள்.

ஒரே ஊர், ஒரே சாதி சனம், ஒரே கஷ்டம். ஆனால் முடிவு மட்டும் வேறு வேறு. ஏன்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், மலேயாவில் மலாய்க்காரர்கள் விழித்தெழுந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணனும் தம்பியும்

கற்பனைக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். மழை பொய்த்த ஒரு வருஷம். கங்காணி ஊருக்கு வருகிறான். அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போகிறான். அங்கே ரப்பர் பால் வெட்டுகிறான். தம்பி மண்டபம், தலைமன்னார் வழியாக இலங்கைக்குப் போகிறான். அங்கே தேயிலைக் காட்டில் வேலை செய்கிறான்.

இரண்டு பேருக்கும் துரை வெள்ளைக்காரன்தான். இரண்டு பேரும் லயத்து வீட்டில்தான் இருந்தார்கள். "நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம்" என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். நினைத்தபடியே இருபது, முப்பது வருஷம் ஓடிவிட்டது. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள்.

அப்போது வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தொடங்கினான். "நாங்கள் போகிறோம். இனி நீங்களே ஆண்டுகொள்ளுங்கள்" என்றான். உடனே ஒரு கேள்வி எழுந்தது. "நீங்கள்" என்றால் யார்?

மலேயாவில் யார் யார்?

மலேயாவில் ஒன்பது சுல்தான்களின் ராஜ்யங்கள் இருந்தன. பினாங்கும் மலாக்காவும் நேரடியாகப் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. மலாய்க்காரர்கள் அந்த மண்ணின் மக்கள். கிராமத்தில் நெல் விளைவித்தார்கள். கடலில் மீன் பிடித்தார்கள். ஈயச் சுரங்கத்திலும் கடைத்தெருவிலும் சீனர்கள் இருந்தார்கள். ரப்பர் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் தமிழர்கள் இருந்தார்கள். பெரிய உத்தியோகமெல்லாம் வெள்ளைக்காரருக்கு.

1947-ம் வருஷக் கணக்கெடுப்பில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நூறு பேரை எடுத்துக்கொண்டால் மலாய்க்காரர் பாதிக்குச் சற்றுக் குறைவு. சீனர் 38 பேர். இந்தியர் சுமார் 11 பேர். சொந்த நாட்டில் தங்கள் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதே என்ற கவலை மலாய்க்காரருக்கு. நியாயமான கவலைதான். நம் ஊரில் அப்படி நேர்ந்தால் நமக்கு இருக்காதா?

ஆனாலும் அதுவரை அவர்கள் பெரிதாக அரசியல் பேசியதில்லை. சங்கங்கள் சில இருந்தன. சிங்கப்பூரில் 1926-ல் ஒரு மலாய்ச் சங்கம் ஏற்பட்டது. 1938-ல் இளைஞர் சங்கம் ஒன்று தோன்றியது. ஆனால் ஜோகூர்க்காரன் தன்னை ஜோகூர்க்காரன் என்றே நினைத்தான். பேராக்காரன் தன் சுல்தானையே நினைத்தான். எல்லோரும் சேர்ந்து "நாம் மலாய் மக்கள்" என்று நின்றது கிடையாது.

அவர்களை அப்படி நிற்க வைத்தது பிரிட்டிஷ் சர்க்காரின் ஒரு தவறு.

ஒரு கையெழுத்துக் கிளப்பிய புயல்

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மூன்றரை வருஷம் ஜப்பானிய ஆட்சி. அந்தக் காலத்தில்தான் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம்.

1945-ல் ஜப்பான் தோற்றது. பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். வரும்போதே ஒரு புதுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு "மலாயன் யூனியன்" என்று பெயர்.

திட்டம் என்ன? ஒன்பது ராஜ்யங்களையும் பினாங்கு, மலாக்காவையும் ஒன்றாக்கி ஒரே கவர்னரின் கீழ் கொண்டுவருவது. சுல்தான்களின் அதிகாரம் பிரிட்டிஷ் அரசருக்குப் போய்விடும். மலேயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்கள் எல்லோரும் குடிமக்கள். யுத்தத்துக்கு முந்திய பதினைந்து வருஷத்தில் பத்து வருஷம் அங்கே இருந்தவர்களும் குடிமக்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் சம உரிமை.

கேட்கும்போது நல்ல திட்டமாகத்தானே இருக்கிறது? நம் அண்ணனுக்கு லாபமான திட்டம். ஆனால் அதைச் செய்த முறை தவறு. ஹெரால்டு மக்மைக்கேல் என்ற அதிகாரி 1945 கடைசியில் சுல்தான்களிடம் ஒவ்வொருவராகப் போனார். யோசிக்க அவகாசம் தராமல் கையெழுத்து வாங்கினார். மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செய்தி வெளியே வந்ததும் மலாய்க்காரர்கள் கொதித்தார்கள். "எங்கள் ராஜாக்களை வெறும் பொம்மை ஆக்கிவிட்டார்களே! நாளைக்கு எங்கள் நிலம் எங்களிடம் இருக்குமா?" என்று கேட்டார்கள்.

வெள்ளைத் துணி கட்டினார்கள்

1946 மார்ச் மாதம் கோலாலம்பூரில் ஒரு மாநாடு கூடியது. நாடு முழுவதிலிருந்தும் சுமார் நாற்பது சங்கங்கள் வந்தன. தலைமை தாங்கி நடத்தியவர் ஜோகூரைச் சேர்ந்த டத்தோ ஓன் பின் ஜாபர்.

ஏப்ரல் 1-ந் தேதி மலாயன் யூனியன் நடைமுறைக்கு வந்தது. கவர்னர் எட்வர்டு ஜெண்டுக்குப் பதவியேற்பு விழா. சுல்தான்கள் கோலாலம்பூருக்கு வந்திருந்தார்கள். ஆனால் விழாவுக்குப் போகவில்லை! ஓன் போய்ச் சொன்னார், சுல்தான்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் தங்கியிருந்த ஓட்டலின் முன்பு மக்கள் கூட்டம் கூடிற்று. மலாய்க்காரர்கள் தங்கள் தொப்பியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஏழு நாள் துக்கம் அனுசரித்தார்கள்.

அதுவரை வீட்டு வாசலைத் தாண்டாத மலாய்ப் பெண்கள் ஊர்வலத்தில் வந்தார்கள். லண்டனிலிருந்து பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வந்தபோது அதைக் கண்டு அசந்துபோனார்கள். மலேயாவில் முன்பு பெரிய பதவி வகித்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்களே "இது அநியாயம்" என்று லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள்.

1946 மே 11-ந் தேதி ஜோகூர் பாருவில் எல்லாச் சங்கங்களும் ஒரே கட்சியாயின. அதுதான் அம்னோ என்கிற ஐக்கிய மலாய் தேசிய ஸ்தாபனம். ஓன் அதன் முதல் தலைவர்.

துப்பாக்கி இல்லை. ரத்தம் இல்லை. இரண்டே வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் பணிந்தது. 1948 பிப்ரவரி 1-ந் தேதி மலாயன் யூனியன் ஒழிந்து, மலாயாக் கூட்டரசு வந்தது. சுல்தான்கள் பழைய மதிப்பைப் பெற்றார்கள். மற்றவர்கள் குடியுரிமை பெறுவது கடினமாயிற்று. பொதுவாக, இருபத்தைந்து வருஷத்தில் பதினைந்து வருஷம் அங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும்.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

தமிழருக்கும் சீனருக்கும் லாபமான திட்டம் போயிற்று. அதைக் காப்பாற்ற அவர்கள் என்ன செய்தார்கள்? உண்மையைச் சொல்ல வேண்டும். உரிய நேரத்தில் அதிகமாக ஒன்றும் செய்யவில்லை.

நம்மவர்களின் மனமெல்லாம் இந்தியாவில் இருந்தது. நேதாஜியின் படையில் சேர்ந்தவர்கள், அதற்கு நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். 1946 மார்ச்சில் நேரு மலேயாவுக்கு வந்தபோது மாலை மாலையாகப் போட்டார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் மலாயா இந்தியர் காங்கிரஸ் ஏற்பட்டது. ஜான் திவி அதன் முதல் தலைவர். அதற்குள் அம்னோ பிறந்து மூன்று மாதமாகிவிட்டது.

பிறகு விழித்துக்கொண்டார்கள். இடதுசாரி மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஓர் அரசியல் சட்டத்தை எழுதினார்கள். 1947 அக்டோபர் 20-ந் தேதி நாடு முழுவதும் கடையடைப்பு நடந்தது. பிரிட்டிஷார் காது கொடுக்கவில்லை.

1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளுக்கும் சர்க்காருக்கும் சண்டை மூண்டது. அவசரநிலை வந்தது. தொழிற்சங்கங்கள் நசுங்கின. தொழிற்சங்கத் தலைவராக இருந்த தஞ்சை ஜில்லாத் தமிழர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மலாய்க்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். தமிழர்கள் சிதறிக் கிடந்தார்கள். இந்த இடத்தில் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். இலங்கையில் நடந்ததே மலேயாவிலும் நடந்திருக்கலாம். ஆனால் நடக்கவில்லை.

கூட்டணிக் கணக்கு

டத்தோ ஓனுக்கே மனம் மாறியது. "மலாய்க்காரர் மட்டும் இருந்தால் சுதந்திரம் வராது. அம்னோவின் கதவைச் சீனருக்கும் இந்தியருக்கும் திறப்போம்" என்ற யோசனையைக் கொண்டுவந்தார். கட்சி ஏற்கவில்லை. 1951-ல் வெளியேறி வேறு கட்சி தொடங்கினார். அம்னோவைப் பெற்றவரே அம்னோவை விட்டுப் போனார்!

அடுத்துத் தலைவராக வந்தவர் துங்கு அப்துல் ரகுமான். கெடா ராஜ்யத்து இளவரசர். லண்டனில் சட்டம் படித்தவர். அவர் வேறு வழி கண்டுபிடித்தார். "எல்லோரும் ஒரே கட்சியில் இருக்க வேண்டாம். அவரவர் கட்சி அவரவருக்கு. தேர்தலில் மட்டும் கைகோத்து நிற்போம்" என்பதே அந்த வழி.

1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தல். அம்னோவும் சீனர் சங்கமும் சேர்ந்து நின்றன. பன்னிரண்டு இடத்தில் ஒன்பதைப் பிடித்தன. எல்லா இனத்துக்கும் ஒரே கட்சி என்று நின்ற ஓனின் கட்சி தோற்றது. 1954-ல் இந்தியர் காங்கிரசும் கூட்டணிக்குள் வந்தது. அடுத்த வருஷம் அதன் தலைவரானவர் வீ. தி. சம்பந்தன். பேரா ராஜ்யத்தில் பிறந்தவர். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

1955 ஜூலை 27-ந் தேதி முதல் பொதுத்தேர்தல். ஓட்டர் பட்டியலைப் பாருங்கள். நூறு ஓட்டர்களில் 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். மிச்சம் இருப்பதில்தான் இந்தியரும் மற்றவரும். ஏன் இப்படி? குடியுரிமை கிடைத்த தமிழர் குறைவு. கிடைத்தவர்களிலும் பெயர் பதிந்துகொண்டவர் குறைவு.

இந்த நிலையில் அம்னோ நினைத்திருந்தால் எல்லா இடத்திலும் தானே நின்றிருக்கலாம். யார் கேட்பது? ஆனால் 52 இடங்களில் 35 இடத்தில்தான் நின்றது. 15 இடத்தைச் சீனருக்கும், 2 இடத்தை இந்தியருக்கும் விட்டது. கூட்டணி 51 இடத்தில் ஜெயித்தது! மலாய்க் கிராமத்தார் தங்கள் கையால் தமிழனுக்கும் சீனனுக்கும் ஓட்டுப் போட்டார்கள். சம்பந்தன் ஜெயித்துத் தொழிலாளர் மந்திரி ஆனார்.

துங்கு இதைத் தர்மத்துக்காக மட்டும் செய்யவில்லை. "இனங்கள் ஒன்றுபட்டால்தான் சுயாட்சி" என்று பிரிட்டிஷார் சொல்லிவந்தார்கள். ஒற்றுமையைக் காட்டாமல் சுதந்திரம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். பேராசை இல்லாத கணக்கு அது. அந்தக் கணக்கில் எல்லோருக்கும் கொஞ்சம் கிடைத்தது.

கொடுக்கல் வாங்கல்

அரசியல் சட்டம் எழுத ரீடு பிரபு தலைமையில் 1956-ல் ஒரு கமிஷன் வந்தது. இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக்கும் அதில் இருந்தார். கமிஷனிடம் கூட்டணிக் கட்சிகள் ஒரே கோரிக்கையாகக் கொடுத்தன. வீட்டுக்குள் எத்தனையோ வாக்குவாதம். வெளியே ஒரே குரல்.

மலாய்க்காரருக்கு என்ன கிடைத்தது? மலாய் தேசிய மொழி. இஸ்லாம் நாட்டின் மதம். சுல்தான்களிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருவர் பேரரசர். அரசாங்க வேலை, படிப்புதவி, தொழில் அனுமதி இவற்றில் தனிச் சலுகை.

மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? குடியுரிமை. சுதந்திர தினத்துக்குப் பிறகு அந்த மண்ணில் பிறக்கும் குழந்தை எதுவானாலும் குடிமகன். முன்பே அங்கே பிறந்து, ஏழு வருஷத்தில் ஐந்து வருஷம் அங்கே இருந்தவர் பதிந்துகொள்ளலாம். வெளியே பிறந்தவர் பன்னிரண்டில் எட்டு வருஷம் இருந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். முதல் ஒரு வருஷத்துக்குள் வந்தால் பலருக்கு மலாய் மொழிப் பரீட்சைகூட வேண்டாம். அவரவர் மதம் அவரவருக்கு. தமிழ்ப் பள்ளிக்கூடமும் நிலைத்தது. இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் மலேசியாவில் நடக்கின்றன.

1957 ஆகஸ்டு 31-ந் தேதி கோலாலம்பூர் மைதானத்தில் துங்கு ஏழு முறை "மெர்டேக்கா!" என்று முழங்கினார். மெர்டேக்கா என்றால் சுதந்திரம். கூடியிருந்தவர்கள் ஏழு முறையும் திருப்பி முழங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் நம் அண்ணனின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

தம்பிக்கு நேர்ந்தது

தம்பி கதைக்கு வருவோம்.

இலங்கைத் தோட்டத் தமிழர் பலருக்கு 1931-லேயே ஓட்டு வந்துவிட்டது. மலேயா அண்ணனுக்கு அப்போது ஓட்டு என்றால் என்னவென்றே தெரியாது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் ஓட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்கள் பலர் பார்லிமெண்டுக்குப் போனார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் ஜெயித்தார்.

ஆகவே தம்பியின் நிலைதான் நல்ல நிலை என்று நாம் நினைப்போம். அந்த ஓட்டே அவனுக்கு ஆபத்தாயிற்று. கண்டிச் சிங்களக் கிராமத்தாருக்கும், மலாய்க்காரரைப் போலவே, தங்கள் மலையும் நிலமும் போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஆளும் கட்சிக்கோ தோட்டத்து ஓட்டு எதிரணிக்குப் போகிறதே என்ற கோபம்.

1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. "உன் தகப்பனார் இலங்கையில் பிறந்தாரா? இல்லையென்றால், பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்களா? காட்டு" என்றது சட்டம். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சீட்டு எங்கே? தகப்பனின் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவது? சுமார் ஏழு லட்சம் பேர் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. தந்தை செல்வா எதிர்த்தார். இதனால் பழைய கட்சியையே விட்டு வெளியேறினார். 1952-ல் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. ஒன்றும் பலிக்கவில்லை.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு. மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974-ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படிப் பங்கில் வந்தவர்கள்தான் நம் மலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968-ல் சர்க்கார் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே 1976-ல் டான்டீ என்ற கார்ப்பரேஷன் ஆயிற்று. குன்னூரில்தான் அதன் தலைமை அலுவலகம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரங்களில் அவர்கள் காட்டைத் திருத்தித் தேயிலை வைத்தார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்?

மலாய்க்காரர் நல்லவர், சிங்களவர் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிடலாமா? கூடாது. இரண்டு இடத்திலும் மண்ணின் மக்களுக்கு ஒரே பயம். வித்தியாசம் வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது.

முதலாவது, காலம். மலேயாவில் குடியுரிமையைப் பேசி முடித்து, அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டுப் பிறகு கொடி ஏற்றினார்கள். இலங்கையில் கொடியை ஏற்றிவிட்டு, "யார் குடிமகன்" என்பதைப் பிறகு எழுதினார்கள். சிறுபான்மையோருக்குப் பாதகமான சட்டம் கூடாது என்று இலங்கைச் சட்டத்திலும் ஒரு பிரிவு இருந்தது. அது காப்பாற்றவில்லை. இரண்டு நாட்டுச் சட்டத்திலும் ஐவர் ஜென்னிங்ஸ் என்ற ஒரே அறிஞரின் கை உண்டு. ஒருவேளை முதல் நாட்டில் பட்ட அனுபவம் இரண்டாம் நாட்டில் உதவியிருக்கலாம்.

இரண்டாவது, கூட்டு. மலேயாவில் அம்னோ ஜெயிக்க மற்றவர்களும், மற்றவர்கள் ஜெயிக்க அம்னோவும் வேண்டியிருந்தது. இலங்கையில் தோட்டத் தமிழன் எதிரணியில் நின்றான். அவன் ஓட்டு போனால் ஆளுகிறவர்களுக்கு லாபம்.

மூன்றாவது, தொகை. மலேயாவில் தமிழனோடு சீனனும் இருந்தான். மக்களில் பாதிப் பேரை நாடில்லாதவர் ஆக்கிவிட்டு யாரும் நாடு நடத்த முடியாது. இலங்கையில் தோட்டத் தமிழன் தனியாக அகப்பட்டுக்கொண்டான்.

அண்ணன் வீட்டிலும் குறை உண்டு

அண்ணன் கதை எல்லாம் சுகம் என்று எண்ண வேண்டாம். 1957-58-ல் பதிந்துகொள்ளாமல் விட்டவர்கள் ஏராளம். எழுதப் படிக்கத் தெரியாது, "எதற்கு இந்தக் காகிதம்?" என்று இருந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி, குடியுரிமை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். கேட்டவர்கள் பிழைத்தார்கள். கேட்காதவர்கள் பிறகு வருந்தினார்கள்.

1969 மே 13-ந் தேதி கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் பெருங்கலவரம். துங்கு அடுத்த வருஷம் பதவி விலகினார். அந்தச் சமயத்தில் குடிமகன் அல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆயிற்று. சீட்டுக் கிடைக்காத ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மலாய்ச் சலுகைகள் வளர்ந்தன. தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. தமிழர் பலர் நகரத்துக் குடிசைகளுக்கு வந்தார்கள். 2007 நவம்பரில் கோலாலம்பூர் வீதியில் பதினாயிரக்கணக்கில் திரண்டு நியாயம் கேட்டார்கள். பிறந்த நாட்டிலேயே சிவப்பு அட்டையோடு, குடியுரிமைக்குக் காத்திருக்கும் முதியவர்கள் இன்றும் அங்கே உண்டு.

கூட்டணியும் சாசுவதமல்ல. 1957 முதல் தொடர்ந்து ஆண்ட அம்னோ 2018-ல் தேர்தலில் தோற்றது. பிறகு வேறு கட்சிகளோடு சேர்ந்துதான் ஆட்சிக்குள் வந்தது. ஆனால் ஒன்று பாருங்கள். தோற்கடித்த ஓட்டுகளில் தமிழனின் ஓட்டும் இருந்தது. கோபத்தைக் காட்ட அவனிடம் ஓட்டு இருக்கிறது! இலங்கையில் தங்கிவிட்ட மலையகத் தமிழருக்கு அந்தக் குறை முழுதாகத் தீர 2003-ல் வந்த சட்டம் வரை, ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

டிரங்குப் பெட்டிக்குள்

மறுபடியும் நம் மலைக்கு வருவோம். தாயகம் திரும்பியவர்களின் வீடுகளில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். ஐம்பது வருஷமானாலும் எறிய மாட்டார்கள். காகிதம் இல்லாததால் என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் வீட்டுப் பாட்டிகள் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசாணை வந்தபோது அவர்கள் பயந்தார்கள். "மறுபடியும் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ?" என்றார்கள். வேலை முடிந்தால் லயத்து வீடும் போய்விடுமே என்ற கவலை அவர்களுக்கு இன்னும் தீரவில்லை. ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்டவன் காற்று அசைந்தாலும் பயப்படுவான். அதைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது.

இந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, சிறு கூட்டத்துக்கு: நீ வாழும் ஊரே உன் ஊர். அங்கே பெயரைப் பதி. ஓட்டைப் பதி. சங்கத்தில் சேர். மற்றவர்கள் பேசி முடித்த பிறகு வாய் திறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 1946-ல் மலாய்க்காரர்கள் உரிய வேளையில் பேசினார்கள், ஜெயித்தார்கள். நம்மவர்கள் தாமதித்தார்கள், மீதத்தைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது, பெருங்கூட்டத்துக்கு: உன் பயம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனை வெளியே தள்ளினால் பயம் தீராது. மலாய்க்காரர் குறையோடாவது இடம் கொடுத்தார்கள். எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள். சண்டை போட்டாலும் ஒரே வீட்டில் போடுகிறார்கள். இலங்கையில் இடம் கொடுக்கவில்லை. அந்த நாடு பட்ட பாட்டை உலகமே பார்த்தது.

அடுத்த முறை நீங்கள் குன்னூர்ப் பக்கம் வந்தால், கொழுந்துக் கூடையோடு போகிற அம்மாளைப் பார்த்து "நீங்கள் சிலோனா?" என்று கேட்காதீர்கள். "எந்த ஊர் அம்மா?" என்று கேளுங்கள். அவர் ஒருவேளை சிரித்துக்கொண்டு, "இதுதான் என் ஊர்" என்று சொல்லுவார். அப்படிச் சொல்ல அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறை காத்திருந்தது.